எலிசபெத் காலத் துன்பியல் நாடகமும் நம் மாணவரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் ஆற்றிவரும் பணிகளை நமக்கு முன் பேசிய அன்பர்கள் விரிவாக எடுத்துரைத்தனர். அவற்றை மீண்டும் கூறி உங்கள் பொழுதைக் கவர விரும்பவில்லை. நமக்குத் தரப்பட்ட பொருள் வேறு. சங்கத்தின் மாலை வகுப்பில் கல்லூரி மாணவர்க்கு ஆங்கிலச் செய்யுள் நாடகம் கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். வேலைவாய்ப்பு, வீட்டுமனை, சுடுகாட்டுப் பாதை என்று பேச வேண்டியவை எத்தனையோ இருக்க, நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எழுதப்பட்ட நாடகம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்பது முறையே.

நம் வீட்டுப் பிள்ளைகள் இளங்கலை ஆங்கிலம் படிக்கச் செல்கின்றனர். அங்கே ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று பாடமாக வருகிறது. முதற்பக்கத்தைக் கண்டவுடனே அச்சம் பிறக்கிறது. மூல நூலை மூடி வைத்துவிட்டு நோட்ஸ் புத்தகத்தை மனப்பாடம் செய்கின்றனர். தேர்ச்சியும் பெற்றுவிடுகின்றனர். ஆனால் ‘இது நமக்கு உரியதன்று, தலைமுறை தலைமுறையாகப் படித்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது’ என்ற எண்ணம் நெஞ்சில் தங்கிவிடுகிறது. தேர்வில் தோற்றவன் மறுமுறை எழுதலாம். இந்த எண்ணத்தோடு வெளியே வருபவனுக்கு மறுதேர்வு இல்லை. இதைப் பற்றியே பேச வந்தோம்.

முதலில் அந்த நாடகங்களை எழுதியவர் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது நம் கருத்து. கிறிஸ்டோபர் மார்லோவும் வில்லியம் ஷேக்ஸ்பியரும் ஒரே ஆண்டில், 1564இல் பிறந்தவர்கள். மார்லோவின் தந்தை கேன்டர்பரி நகரில் செருப்புத் தைத்தவர். ஷேக்ஸ்பியரின் தந்தை தோலைப் பதப்படுத்திக் கையுறை தைத்தவர். பென் ஜான்சன் கொத்தனார் வீட்டில் வளர்ந்து, தாமும் செங்கல் அடுக்கியவர். மார்லோ உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஷேக்ஸ்பியர் பல்கலைக்கழக வாயிலையே மிதியாதவர். அதனால்தான் 1592இல் ராபர்ட் கிரீன் என்ற பட்டதாரி எழுத்தாளரின் பெயரில் வெளிவந்த சிறு நூல் ஒன்று, பிறர் இறகைச் சூடித் திடீரென்று மேலே வந்த காக்கை என்று அவரை ஏசியது. ஏசிய நூலை இன்று படிப்பவர், அந்தக் காக்கையைப் பற்றி அறியவே படிக்கின்றனர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். கேன்டர்பரியில் தோல் தைத்தவருக்கும் நம் நாட்டில் தோல் தைத்தவருக்கும் நிலை ஒன்றன்று. ஷேக்ஸ்பியரின் தந்தை 1568இல் தம் ஊராகிய ஸ்ட்ராட்போர்டுக்கே தலைவராக அமர்ந்தார். தோல் தொட்ட கை என்று அவரை எவரும் தெருவுக்கு வெளியே நிறுத்தவில்லை. அங்கும் ஏழை பணக்காரன், உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்ற வேற்றுமை கொடிதாகவே இருந்தது, தீண்டாமை இல்லை. ஒப்புமை கூறும்போது இவ்வேறுபாட்டை மறைத்தால் அது பொய்யாகிவிடும். ஆயினும் இந்த இலக்கியம் அரண்மனையில் பிறந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவனுக்கு, அது குத்தூசியும் தோலும் கிடந்த வீட்டிலிருந்து வந்தது என்று கூறும்போது அவன் நிமிர்ந்து உட்காருகிறான்.

அடுத்து அரங்கம். 1576இல் லண்டன் நகரின் எல்லைக்கு வெளியே ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் பொது நாடக அரங்கம் ஒன்றைக் கட்டினார். அவர் தச்சுத் தொழில் கற்றவர். 1599இல் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குளோப் அரங்கம் எழுந்தது. ஒரு பென்னி கொடுத்தவர் மேடையைச் சுற்றித் திறந்தவெளியில் நின்று பார்த்தனர். தொழில் பழகும் சிறுவர், வண்டிக்காரர், வேலையாட்கள் எனப் பலரும் அக்கூட்டத்தில் இருந்தனர். அவர்களுள் எழுத்தறியாதார் மிகப் பலர். பட்டப்பகலில், மின்விளக்கும் திரைச்சீலை ஓவியமும் இன்றி நாடகம் நடந்தது. பெண் வேடத்தைச் சிறுவர் பூண்டனர். இரவு என்றால் இரவு என்று ஒருவர் சொல்ல வேண்டும், அப்போதுதான் இருட்டும். எல்லாம் சொல்லில் இருந்தது. சொல் காதுக்காக இருந்தது. விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து, பாட்டின் பொருளைப் பிறர் விளக்காமலே உணரும் நம் பாட்டன் பாட்டியர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. கண்ணால் மட்டும் படித்தால் செய்யுள் நாடகம் பூட்டிய பெட்டி. வாய்விட்டுப் படித்தால் பாதி திறந்துகொள்கிறது. ஆதலின் நம் வகுப்பில் முதல் விதி: எவரும் மௌனமாகப் படித்தல் கூடாது.

எந்த நாடகத்தில் தொடங்குவது? ‘ஹாம்லெட்’ பெரிது, ஏறத்தாழ நாலாயிரம் வரிகள். ‘மாக்பெத்’, ‘லியர் அரசன்’ ஆகியவற்றையும் எலிசபெத் காலத்தவை என்று பலர் சேர்த்தே கூறுவர். 1603இல் அரசி மறைந்தபின் ஜேம்ஸ் ஆட்சியில் எழுந்தவை அவை. நாம் தேர்ந்துகொள்வது ‘ஜூலியஸ் சீசர்’. சொல் எளியது, அளவும் சிறியது. 1599ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பயணி லண்டனில் இக்கதையை நாடகமாகப் பார்த்ததை எழுதி வைத்துள்ளார். கொலையும் போரும் முடிந்த பிறகு நடிகர்கள் அழகாக நடனமாடினார்களாம்! துன்பியல் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனைக் கருத வேண்டும்.

இந்நாடகம் சீசரோடு தொடங்கவில்லை, தெருவில் தொடங்குகிறது. சீசரின் வெற்றியைக் கொண்டாட உழைப்பாளிகள் வேலையை விட்டு வந்து நிற்கின்றனர். பிளேவியஸ், மருலஸ் என்ற இரு அதிகாரிகள் அவர்களை மறிக்கின்றனர். இவ்விருவரும் ‘டிரிப்யூன்’ என்ற பதவியினர். அதாவது எளிய மக்களின் நலம் காக்க அமர்த்தப்பட்டவர்கள். அவர்கள் கேட்பது என்ன? வேலை நாளில் தொழிலின் அடையாளம் இல்லாமல் தெருவில் நடக்கலாகாது என்று உனக்குத் தெரியாதா? தச்சனே, உன் தோல் மேலாடை எங்கே, அளவுகோல் எங்கே? நல்ல உடையை உடுத்திக்கொண்டு இங்கே என்ன செய்கிறாய்?

இவ்விடத்தில் நாம் வகுப்பில் ஒன்றும் விளக்குவதில்லை. சிறிது பொறுத்திருக்கிறோம். நல்ல உடை உடுத்தியதற்காக எவரெவர் எங்கெங்கே மறிக்கப்பட்டனர் என்பதை நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்சட்டை அணிந்து ஊருக்குள் போன தாத்தாவின் கதை ஒன்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த பெரியப்பாவின் கதை ஒன்று, தாமாக வருகின்றன. அதன்பின் அந்தக் காட்சி அவர்களுடையதாகிவிடுகிறது.

அடுத்து அதிகாரி இன்னொருவனை நோக்குகிறான். அவன் செருப்புத் தைப்பவன். முதலில் அவனை ‘ஐயா, நீர்’ என்பது போன்ற சொல்லால் விளிக்கிறான். அதில் ஏளனம் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. இரண்டொரு வரியில் அது ‘நீ’ ஆகிறது. மேலும் சிறிது சென்றதும் ‘நீ’யோடு வசைச்சொல்லும் சேர்கிறது. செருப்புத் தைப்பவனோ கடைசிவரை ‘ஐயா’ என்றும் ‘நீங்கள்’ என்றுமே பேசுகிறான். அக்கால ஆங்கிலத்தில் ‘தௌ’ என்பது நீ. ‘யூ’ என்பது பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது. பிற்கால ஆங்கிலம் ‘தௌ’ என்பதைப் பேச்சில் இழந்துவிட்டது. ஆகவே இன்றைய ஆங்கிலேய மாணவனுக்கு இந்த வேறுபாட்டை அடிக்குறிப்பு வைத்து விளக்க வேண்டியிருக்கிறது. தமிழ் மாணவனுக்கு வேண்டா. எழுபது வயதுப் பெரியவரைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ‘நீ’ என்று அழைப்பதைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைக்கு, ‘தௌ’ விழும் இடமெல்லாம் சுரீர் என்கிறது. ஷேக்ஸ்பியரைப் படிக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்போர்க்கு நாம் முதலில் காட்டுவது இதைத்தான். பென்சிலால் ‘தௌ’ வரும் இடங்களையெல்லாம் கோடிடச் சொல்கிறோம். யார் யாரை, எப்போது ‘நீ’ என்கிறார்? அன்பினாலா, சினத்தாலா, மேட்டிமையாலா? இந்தக் கேள்வி ஒன்றே ஒரு காட்சியின் பாதிப் பொருளைத் தந்துவிடும்.

அந்தச் செருப்புத் தைப்பவன் வாய் மூடி நிற்பவன் அல்லன். ‘சோல்’ என்ற ஒலி செருப்பின் அடித்தோலையும் குறிக்கும், ஆன்மாவையும் குறிக்கும். ‘ஆல்’ என்ற ஒலி குத்தூசியையும் குறிக்கும், ‘எல்லாம்’ என்ற பொருளையும் தரும். இவற்றை வைத்துச் சிலேடையாகப் பேசி அதிகாரியைத் திணற அடிக்கிறான். மாட்டுத்தோலில் கால் வைத்த மேன்மக்கள் எல்லாரும் தன் கைவேலையின்மீதே நடந்தவர்கள் என்று பெருமிதமாகக் கூறுகிறான். காளமேகப் புலவரின் சிலேடையைப் பள்ளியில் படித்த மாணவன் இதனை உடனே பிடித்துக்கொள்கிறான். ஆனால் பாருங்கள்: அதிகாரிகள் செய்யுளில் பேசுகின்றனர், தொழிலாளியோ உரைநடையில் பேசுகிறான். அக்கால நாடக வழக்கில் உயர்ந்தோர்க்கும் உயர்ந்த பொருளுக்கும் செய்யுள். எளியோர்க்கும் நகைப்புக்கும் பெரும்பாலும் உரைநடை. மருலஸ் நீண்டதொரு செய்யுள் வசையைப் பொழிகிறான். மரக்கட்டைகளே, கற்களே என்கிறான். கூட்டம் ஒரு சொல்லும் பேசாது கலைந்துவிடுகிறது. உரைநடையில் வென்றவர்களைச் செய்யுள் வாயடைத்துவிட்டது. செய்யுளைக் கற்க வேண்டியதன் தேவையை இதைவிடத் தெளிவாக நாம் சொல்ல இயலாது.

இனிச் செய்யுளின் அமைப்பு. இதில் எதுகை இல்லை. ‘பிளாங்க் வெர்ஸ்’ என்பர். 1562இல் அரசியின் முன் நடிக்கப்பட்ட ‘கார்போடக்’ என்ற துன்பியலில் இது முதலில் நாடக மேடை ஏறியது. மார்லோவின் கையில் முழக்கம் பெற்றது. ஒரு வரிக்குப் பத்து அசை. மெலிந்தது ஒன்று, அழுத்தமானது ஒன்று என ஐந்து இணை. நம் யாப்பில் ஐந்து சீர் கொண்ட அடியை நெடிலடி என்கிறோம். அதனை நினைவூட்டினால் மாணவர்க்கு எண்ணிக்கை எளிதில் விளங்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் யாப்பு குறில் நெடிலை அளக்கும்; ஆங்கில யாப்பு அழுத்தத்தை அளக்கும். நம் பிள்ளைகள் எல்லா அசையையும் ஒரே எடையில் உச்சரிப்பதால் வரியின் நடை தெரிவதில்லை. பலகையில் விரலால் ததாம், ததாம், ததாம் என்று ஐந்துமுறை தட்டச் செய்து, அதன்மேல் சொற்களை ஏற்றச் சொல்கிறோம். எங்கே தட்டு தவறுகிறதோ அங்கே பேசுபவனின் உள்ளம் தடுமாறுகிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். எப்போதும் அப்படி இராது. பல இடங்களில் இருக்கிறது.

அடுத்த இடர் சொற்றொடர். மாணவன் வரி முடிந்தவுடன் மூச்சை நிறுத்துகிறான். கருத்தோ ஆறாவது வரியில்தான் முடிகிறது. வரியைப் பார்க்காதே, முற்றுப்புள்ளியைப் பார். அதுவரை ஒரே தொடர் என்கிறோம். பின்னர் வினைமுற்று எங்கே, எழுவாய் எங்கே என்று தேடச் சொல்கிறோம். செயப்படுபொருள் முன்னும் வினை பின்னும் மாறி நிற்பதைக் கண்டு ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் திகைப்பான். பொருள்கோள் படித்தவனுக்கு அது புதிதன்று. நன்னூல் கூறும் கொண்டுகூட்டு, மொழிமாற்று எல்லாம் இங்கே கைகொடுக்கின்றன. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ தமிழில் இத்தகைய செய்யுள் நாடகம்; அதில் ஒரு களத்தை முன்னதாக வாய்விட்டுப் படிப்பதும் நல்ல பயிற்சி. பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கியதையும் படிக்கலாம். மூலத்திற்கு மாற்றாக அன்று.

பொருள் மாறிப்போன சொற்கள் சில உண்டு. ‘சாட்’ என்பது இன்று துயரம். அன்று ஆழ்ந்த முகத்தையும் குறித்தது. ‘பிரசன்ட்லி’ என்றால் அன்று உடனே. ‘நாட்டி’ என்பது இன்று குழந்தையின் குறும்பு. அன்று கெட்டவன் என்ற வசை. தெரியாத சொல் கண்ணுக்குத் தெரியும்; அகராதி பார்ப்போம். தெரிந்த சொல்லே ஏமாற்றும். இத்தகைய சொற்களுக்கு மாணவர்களே ஒரு குறிப்பேடு வைத்துள்ளனர்.

இந்நாடகத்தின் உயிர் மூன்றாம் அங்கத்தில் சீசரின் பிணத்தின் முன் நிகழும் இரு சொற்பொழிவுகள். வகுப்பில் ஒருவர் புரூட்டஸ், ஒருவர் ஆண்டனி. ஏனையோர் அனைவரும் ரோமானிய மக்கள். அம்மக்களுக்கு அச்சுப் படியில் பெயர் இல்லை. முதலாமவன், இரண்டாமவன் என்று எண் மட்டுமே உண்டு. புரூட்டஸ் உரைநடையில், அளந்த வாதமாகப் பேசுகிறான். கேட்ட கூட்டம் மகிழ்ந்து, இவனையே சீசராக்குவோம் என்கிறது. சீசர் அரசனாகிவிடுவான் என்றுதானே கொன்றார்கள்! புரூட்டஸ் சொன்னது ஒருவனுக்கும் விளங்கவில்லை என்பதை ஆசிரியர் சொல்லாமல் இந்த ஒரு குரல் சொல்கிறது. பின்னர் ஆண்டனி செய்யுளில் தொடங்குகிறான். கொன்றவர்களை மாண்புடையோர் என்கிறான். மீண்டும் மீண்டும் அதையே சொல்கிறான். ஒவ்வொரு முறையும் அச்சொல்லின் நிறம் மாறுகிறது. முதன்முறை மரியாதை, கடைசியில் அதுவே குற்றச்சாட்டு. இதனை நோட்ஸ் புத்தகம் ‘வஞ்சப் புகழ்ச்சி’ என்று ஒரு சொல்லில் கூறிவிடும். ஆனால் வாயால் சொல்லிப் பார்க்காத ஒருவன், எந்த முறை அது திரும்பிற்று என்பதை ஒருநாளும் அறியான். மூன்றாம் முறை என்று ஒரு மாணவி, இல்லை, நான்காம் முறை என்று மற்றொருவர். இருவரும் படித்துக் காட்டியே வாதாடுகின்றனர். இலக்கியக் கல்வி என்று நாம் கருதுவது அந்த வாதத்தைத்தான்.

பிறகு உயில். இருக்கிறது என்று காட்டுகிறான். படிக்க மாட்டேன் என்கிறான். குத்துண்ட மேலாடையைக் காட்டி அழ வைக்கிறான். கூட்டம் தீ வைக்கப் புறப்படும்போது, உயிலை மறந்துவிட்டீர்களே என்று திருப்பி அழைக்கிறான். ஆளுக்கு எழுபத்தைந்து டிராக்மா பணமும், ஆற்றங்கரைத் தோட்டங்களும் மக்களுக்கு என்று படிக்கிறான். நம் பிள்ளைகள் இங்கே சிரித்துவிடுகின்றனர். தேர்தல் மேடைகளை அறியாதவர்களா அவர்கள்? அந்த மக்கள் மூடர்களா என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். மூடர்கள் என்றே பல உரையாசிரியர்கள் எழுதிவிட்டனர். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் காட்சியில் கல் என்றும் கட்டை என்றும் ஏசப்பட்டவர்களே இவர்கள். இரு தரப்புக்கும் அவர்கள் தேவைப்பட்டது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். அவர்கள் செயலை நாம் போற்றவும் இல்லை. அடுத்த காட்சியில் அதே கூட்டம் சின்னா என்ற கவிஞனை வழிமறிக்கிறது. பெயர் என்ன, எங்கே போகிறாய், எங்கே குடியிருக்கிறாய், மணமானவனா என்று கேட்கிறது. பெயர் சின்னா என்றதும், அதே பெயர் கொண்ட சதிகாரன் என்று பாய்கிறது. நான் கவிஞன் என்று அவன் கதறியும் விடவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்ற கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதை அறிந்த பிள்ளைகள், முப்பத்தைந்து நாற்பது வரியே உள்ள அக்காட்சியைப் படித்தபின் நெடுநேரம் பேசாதிருந்தனர்.

மார்லோவின் ‘டாக்டர் பாஸ்டஸ்’ நம் இரண்டாம் நூல். அதன் நாயகனும் எளிய பெற்றோர்க்குப் பிறந்தவன் என்று தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. விட்டன்பர்க்கில் பயின்று பெரும் பட்டம் பெறுகிறான். கல்வியெல்லாம் போதாதென்று, இருபத்துநான்கு ஆண்டு ஆற்றலுக்காக ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுக்கிறான். அளவுக்கு மீறி ஆசைப்படாதே என்பதே இதன் பாடம் என்று கற்பிப்போர் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அப்பாடத்தை ஊர் ஏற்கெனவே போதுமான அளவு கற்பித்துள்ளது. நாடகத்தை முழுதும் படிப்பவர்க்குத் தெரிவது வேறு. உலகையே அளக்கப் புறப்பட்டவன், அந்த இருபத்துநான்கு ஆண்டையும் அரசர்க்கு வேடிக்கை காட்டுவதிலும் குதிரை வணிகனை ஏமாற்றுவதிலும் கழித்துவிட்டான். ஆசை பெரிது, அதைச் செலவிட்ட வகை சிறிது. கடைசி இரவில் பதினொரு மணி அடிக்கிறது. ஏறத்தாழ அறுபது வரிகளில் அரைமணி அடித்துப் பன்னிரண்டும் அடித்துவிடுகிறது. ஒருவர் மேசையில் மணி தட்ட, ஒருவர் அவ்வரிகளைப் படித்தால், காலம் எப்படி ஓடுகிறது என்பதை மூச்சே காட்டிவிடும்.

இத்தகைய நூல் எங்கெல்லாம் சென்றிருக்கிறது என்பதற்குச் செய்தி ஒன்று. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில், நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்ட சோனி வெங்கடரத்தினம் என்ற இந்திய வமிசத்தவர், ஷேக்ஸ்பியர் நூல் தொகுதி ஒன்றைத் தீபாவளி வாழ்த்து அட்டைகளால் மூடி, தம் மத நூல் என்று கூறிக் காத்து வந்தார். சிறையாளிகள் முப்பதுக்கும் மேற்பட்டோர், தத்தமக்குப் பிடித்த பகுதியின் ஓரத்தில் கையொப்பமிட்டனர். 1977ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் நெல்சன் மண்டேலா கையொப்பமிட்டது ‘ஜூலியஸ் சீசர்’ இரண்டாம் அங்கத்தில், அச்சமும் சாவும் பற்றிச் சீசர் பேசும் இடத்தில். அவர்கள் கையில் இருந்தது மூல நூல், நோட்ஸ் அன்று.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒரே படியை நால்வர் எட்டிப் பார்த்துப் படித்தால் இம்முறை நடவாது. பென்சில் கோடு இட ஒவ்வொருவர் கையிலும் ஒரு படி வேண்டும். வரும் கல்வியாண்டுக்கு முன் மலிவுப் பதிப்பில் முப்பது படிகள் வாங்கித் தருவதாகப் பொருளாளர் கூறியுள்ளார். விடுதி மாணவர்க்கு வசதியாக வகுப்பைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றியுள்ளோம். பெற்றோர் வந்து பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். ஆங்கிலம் தெரியாவிடினும் வரலாம். புரூட்டஸ் மனைவி போர்ஷியாவின் பகுதியைப் படிக்கப் பெண்பிள்ளை ஒருவர் வேண்டும். செருப்புத் தைப்பவன் பகுதிக்கு மட்டும் இனி எவரும் பெயர் தர வேண்டா; ஏற்கெனவே ஐவர் போட்டியிடுகின்றனர்.